பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: போனோடு குடித்தனம் நடத்தாமல் இருக்க ஒரு வழிகாட்டி

வேலை கிடைத்துப் பெங்களூருக்கு வருகிறவர்களுக்கு அறை பார்க்க, அட்வான்ஸ் பேச, சில்க் போர்டு நெரிசலில் எந்தப் பக்கம் நின்றால் பஸ் கிடைக்கும் என்று சொல்ல, தெரிந்தவர் யாராவது இருப்பார். வந்து சில மாதங்களுக்குள் தூங்கும் நேரம் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குத் தள்ளிப்போவது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டிலிலேயே கழிவது, திங்கள் காலை கண் எரிச்சலோடு மீட்டிங்கில் உட்காருவது, இதையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஊரில் இருந்தபோதும் உங்களிடம் போன் இருந்தது. ஆனால் அங்கே குறுக்கே வர ஆட்கள் இருந்தார்கள். "அந்த சனியனை வெச்சிட்டு வந்து சாப்பிடு" என்று அம்மா கத்துவார். தங்கை சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு போவாள். பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரைத் தூக்க ஒரு கை கேட்பார். பெங்களூரில் ஒரு பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) அறையில் இரவு ஒன்பதிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை. போன் அதேதான், ஆள் அதேதான். குறுக்கீடு மட்டும் காணாமல் போய்விட்டது.

அதனால் "மன உறுதி வேண்டும்", "கட்டுப்பாடு வேண்டும்" என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. பகல் முழுக்க வேலை பார்த்துக் களைத்தவனிடம் ராத்திரி பதினொரு மணிக்கு எங்கே மன உறுதி இருக்கும்? போனுக்கும் உங்களுக்கும் நடுவே சில பொருட்களையும் சில மனிதர்களையும் கொண்டுவந்து நிறுத்துவதுதான் நடக்கக்கூடிய காரியம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

படி 1: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஐபோனில் அதன் பெயர் ஸ்க்ரீன் டைம். இரண்டும் 2018-ல் வந்தவை. திறந்தால் ஒரு நாளைக்கு மொத்தம் இத்தனை மணி நேரம் என்று பெரிய எழுத்தில் காட்டும். அந்த மொத்தத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வைட்ஃபீல்டு போகும்போது மேப்பைத் திறந்து வைத்திருந்தால் அதுவும் அதில் சேரும். அம்மாவிடம் பேசிய வீடியோ கால் சேரும். ஆட்டோ புக் செய்தது, யூபிஐயில் டீக்குப் பணம் போட்டது எல்லாம் சேரும்.

நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: இரவு பதினொரு மணிக்கு மேல் எவ்வளவு நேரம் போனது, ஒரு நாளில் எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள், காலையில் கண் விழித்ததும் முதலில் திறந்த ஆப் எது. ஒரு தாளில் தினமும் குறித்து வையுங்கள். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம்.

வாரக் கடைசியில் அந்த நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். சம்பளத்துக்காகப் பார்க்கும் திரை ஒன்று. அதைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை. பாங்க், மெட்ரோ டிக்கெட், கரன்ட் பில் என்று காரியத்துக்காகப் பார்க்கும் திரை இரண்டாவது. இந்த ஊரில் அது இல்லாமல் பிழைப்பு நடக்காது. மூன்றாவது சும்மா பார்க்கும் திரை. எதற்காகத் திறந்தோம் என்று கேட்டால் பதில் வராதே, அது. நம் பேச்சு முழுக்க இந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

அது இவ்வளவு நேரத்தைத் தின்பதற்கு உங்கள் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்ததும் "அடுத்த பக்கம்" என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். 2006-ல் அசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், முடிவே இல்லாமல் கீழே உருண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். அதற்காகப் பின்னாளில் வருத்தப்பட்டு அவரே பேசியிருக்கிறார். அந்தப் பொத்தானும் ஒரு குறுக்கீடுதான். அதை எடுத்துவிட்டார்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் இங்கே தடை செய்யப்பட்டது. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகத்திலேயே முதலில் இங்கேதான் வெள்ளோட்டம் விட்டது. எதிரே இருப்பவர்கள் இவ்வளவு மும்முரமாக இருக்கும்போது, நீங்கள் தனியாக உட்கார்ந்து "இனிமேல் பார்க்க மாட்டேன்" என்று சபதம் எடுப்பதில் பெரிய பயன் இல்லை.

படி 2: ராத்திரியை மீட்பது

ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மடிவாளாவிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு பிஜி அறை. மூன்று கட்டில், மூன்று இரும்பு பீரோ, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து பிஜியின் சுவர். பிளக் பாயின்ட் சரியாகத் தலையணைக்குப் பின்னால் இருக்கும். சார்ஜர் வயரோ ஒரு மீட்டர்தான், அதனால் சார்ஜ் ஏறும்போது போன் முகத்திலிருந்து இரண்டு முழத்துக்கு மேல் தள்ளிப் போகவே முடியாது. லைட்டை அணைத்ததும் மூன்று முகங்கள் மட்டும் வெளிச்சத்தில் மிதக்கும். ஒருவன் சிரித்தால் அடுத்தவன் "என்னடா?" என்று கேட்பதில்லை. சிரித்தவன் லிங்க்கை அனுப்புகிறான். இரண்டு அடி தள்ளிப் படுத்திருப்பவனின் போனில் அது டிங் என்று வந்து விழுகிறது.

இந்த அறைக்கு முதல் மருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வயர் நீளமானதாகப் பார்த்து வாங்குங்கள். எலக்ட்ரிக்கல் கடை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. ஒரு நாள் ஊர் சுற்றின மாதிரியும் இருக்கட்டும் என்றால் எஸ்.பி. ரோடு போய் வரலாம். பாக்ஸைக் கதவுப் பக்கம், எழுந்து நான்கு எட்டு நடந்தால்தான் கை எட்டும் இடத்தில் வையுங்கள். அறையில் இருக்கும் மூன்று பேருமே போனை அங்கே போட்டுவிட்டுப் படுப்பது என்று பேசிக்கொண்டால் நல்லது. ஒருவர் மட்டும் செய்தால் மற்ற இருவரின் வெளிச்சம் இழுக்கும். ஒத்துக்கொள்ளவில்லையா, பரவாயில்லை, உங்கள் போனை மட்டுமாவது தள்ளி வையுங்கள்.

"அலாரம் போனில்தானே இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. ஒரு மேசைக் கடிகாரம் வாங்குங்கள். பேட்டரியில் ஓடும் சாதாரண அலாரம் கடிகாரம், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இதனால் லாபம் இரண்டு. ராத்திரி போன் பக்கத்தில் இருக்க வேண்டிய காரணம் போய்விடும். காலையில் அலாரத்தை அணைக்கப் போய், வந்திருக்கும் மெசேஜைப் பார்த்து, அப்படியே முக்கால் மணி நேரம் கட்டிலில் கிடப்பதும் போய்விடும்.

திரையின் நீல வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தூக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதை இரவு வெளிச்சம் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால் வெளிச்சத்தைவிடப் பெரிய திருடன், பார்க்கும் விஷயம். திரையை மஞ்சளாக மாற்றிவிட்டு இரண்டு மணி வரை யாரோ இரண்டு பேர் சண்டை போடுவதைப் பார்த்தால், அந்த மஞ்சள் என்ன செய்துவிடப் போகிறது? பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை எட்டரைக்கு ஆபீஸ் கேப் வரும் என்றால், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏதாவது காதில் விழுந்தால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் பாட்டோ கதையோ ஓட விட்டு, ஸ்லீப் டைமர் வைத்து, போனைக் கவிழ்த்துப் போட்டுவிடலாம். காதுக்கு ஏதோ ஓடுவதில் தவறில்லை, கண்ணுக்குத்தான் ஓய்வு வேண்டும்.

அமெரிக்க ஷிப்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. விடிகாலை நான்கு மணிக்குக் கேப்பில் ஏறியதும் போனை எடுக்கும் பழக்கம்தான் அவர்களுக்கு வில்லன். அறைக்கு வந்ததும் நேராகப் படுக்கை. ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை. "மதியம் ஒரு மணி வரைக்கும் கூப்பிட வேண்டாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, போனை டு நாட் டிஸ்டர்பில் போட்டு, அவசரத்துக்கு அப்பா அம்மா நம்பர்களை மட்டும் அனுமதித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் வீட்டுக் கடன் விற்கும் பெண் குரல் பதினொரு மணிக்கு உங்களை எழுப்பிவிடும்.

படி 3: ஆபீஸ் மெசேஜுக்கு ஒரு கதவு

புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு. ராத்திரி பத்தரைக்கு டீம் லீட் போட்ட மெசேஜுக்கு உடனே பதில் போடாவிட்டால் தப்பாக நினைத்துவிடுவாரோ என்று. முதல் மாதம் நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதுதான் அப்புறம் உங்கள் வழக்கம் என்று ஆகிவிடும். பதினொரு மணிக்குப் பதில் போடுகிறவருக்குத்தான் பதினொரு மணிக்கு மெசேஜ் வரும். வேலை நேரத்துக்குப் பிறகு பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாக்கள் வந்திருக்கின்றன, சட்டமாக எதுவும் ஆகவில்லை. எனவே நீங்களே பேசித்தான் ஆக வேண்டும். பணிவாகவே சொல்லலாம்: "சார், ஒன்பது மணிக்கு மேல் சாட் பார்க்க மாட்டேன். ஏதாவது அவசரம்னா கால் பண்ணுங்க, உடனே எடுக்கறேன்." நியாயமான ஆளாக இருந்தால் ஒத்துக்கொள்வார். எல்லா லீடும் நியாயமானவர் இல்லை என்பதும் தெரிந்ததுதான். அப்படிப்பட்டவரிடம் ஒன்பதைப் பத்தாக்குங்கள், ஆனால் ஏதோ ஒரு நேரம் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குழுக்களை மியூட் செய்யும்போது எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வழி காட்டும். காலேஜ் பேட்ச், குடும்பக் குழு, பிஜி ஃப்ளோர், டீம் லஞ்ச் எல்லாவற்றுக்கும் "எப்போதும்" போடுங்கள். சித்தப்பா அனுப்பும் காலை வணக்கம் எங்கேயும் ஓடிப்போகாது, மாலையில் மொத்தமாகப் பார்க்கலாம்.

பகலிலும் இது உதவும். கலிபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற ஆராய்ச்சியாளர் பல வருடங்களாக ஆபீஸ் ஊழியர்களைக் கவனித்து வருகிறார். 2004 வாக்கில் ஒருவர் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார். அண்மை வருடங்களில் அது 47 விநாடி அளவுக்கு வந்துவிட்டது. புரோகிராம் எழுதப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் இது உங்களை நேரடியாகவே அடிக்கும். ஒரு பிழையைத் தேடி நாலு ஃபைல் தாண்டி உள்ளே போயிருப்பீர்கள். மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் எட்டிப் பார்க்கும். திரும்பி வரும்போது எங்கே இருந்தோம் என்பதே மறந்திருக்கும். ஒரு மணி நேரமாவது போனை டிராயரில் போட்டுவிட்டு வேலை பாருங்கள். பையில் போட்டால் கூடப் போதும், மேசையில் மட்டும் வேண்டாம்.

படி 4: கண்ணும் கழுத்தும்

நாம் சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அதோடு ஆபீஸ் ஏசி. மாலையில் மணல் விழுந்த மாதிரி கண் உறுத்துவது இதனால்தான். திரை உங்கள் கண்ணை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வறட்சியும் களைப்பும்தான். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருக்கும் ஒன்றை, இருபது விநாடி பார்ப்பது என்ற பழைய விதி இன்றைக்கும் எளிது. இருபது நிமிடம் நினைவு இருக்காது என்றால் தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அது காலியாகும்போதெல்லாம் எழுந்துதான் ஆக வேண்டும்.

நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி என்று கடையில் கூடுதலாகப் பணம் கேட்பார்கள். 17 பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பிலிருந்து 2023-ல் வந்தது. சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் களைப்பைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தில் முறையாக ஒரு கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தலைவலிக்குக் காரணம் பவர் மாறியதாகவும் இருக்கலாம். தனியார் ஆஸ்பத்திரி செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு சாமராஜபேட்டை பக்கம் மின்டோ அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இயங்கி வருவது அது.

லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்க்காதீர்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். வீட்டிலிருந்து வேலை என்றால் நான்கு தடித்த புத்தகங்களும் தனியாக ஒரு கீபோர்டும் போதும், ஸ்டாண்ட் வாங்கத் தேவையில்லை. நம் தலையின் எடை நாலரை முதல் ஐந்தரை கிலோ. 60 டிகிரி குனிந்து போனைப் பார்த்தால் கழுத்தெலும்பில் விழும் பாரம் 27 கிலோ அளவுக்குப் போகும் என்று நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் 2014-ல் கணக்கிட்டுக் காட்டினார். கணக்குதான், அளந்து பார்த்ததில்லை. இருந்தாலும் அரை மூட்டை சிமென்ட்டுக்கும் மேலே.

படி 5: பயணம்

இந்த ஊரில் போக வர இரண்டு மூன்று மணி நேரம் சர்வசாதாரணம். அந்த நேரம் முழுக்கப் போனில் இருந்துவிட்டு "நேரமே கிடைக்கல" என்று சொல்கிறோம். முழுதாக விட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவுட்டர் ரிங் ரோட்டில் பஸ் அசையாமல் நிற்கும்போது ஒருவர் கிரிக்கெட் பார்த்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. போகும்போது போன், வரும்போது இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் நேரத்தில்தான் மூளைக்கு ஓய்வு தேவை.

வரும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். கண்டக்டர் என்ன சொல்கிறார், பக்கத்தில் இருப்பவர் எங்கே இறங்க வேண்டும் என்று எப்படிக் கேட்கிறார் என்று கவனித்தாலே கன்னடம் பாதி ஏறிவிடும், நம் மொழிக்கு அவ்வளவு நெருக்கம். "எல்லி" (எங்கே), "எஷ்டு" (எவ்வளவு), "பேகு" (வேண்டும்), "பேடா" (வேண்டாம்), "இல்லே நில்ஸி" (இங்கேயே நிறுத்துங்கள்) என்று நான்கைந்து சொல்லில் ஆரம்பிக்கலாம். திரை நேரத்துக்கும் கன்னடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நிறைய சம்பந்தம் இருக்கிறது. பேசத் தயங்குகிறவர்தான் எல்லாவற்றுக்கும் ஆப்பைத் திறக்கிறார். வழி கேட்கக் கூச்சம், அதனால் மேப். கடைக்காரரிடம் கேட்கக் கூச்சம், அதனால் பத்து நிமிட டெலிவரி. அப்படித் திறந்த கை அங்கேயே நிற்பதில்லை, அடுத்த நொடி ரீல்ஸுக்குப் போய்விடுகிறது.

டூ வீலர் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

படி 6: சாப்பாடும் கடையும்

பிஜி சாப்பாட்டு அறையில் போன் ஒரு கையில், சப்பாத்தி மறு கையில். எல்லோரும் அப்படித்தான். ஆனால் அந்த இருபது நிமிடம்தான் பிஜியில் மனிதர்களைப் பார்க்கும் ஒரே நேரம். சாம்பார் தித்திப்பாக இருக்கிறது என்ற ஒரு புகாரை வைத்தே பல நட்புகள் இங்கே ஆரம்பித்திருக்கின்றன. எதிரே இருப்பவர் கும்பகோணமாக இருப்பார், ஹூப்ளியாக இருப்பார், ராஞ்சியாக இருப்பார். அந்தச் சாம்பார் விஷயத்தில் முதல் இருவரும் நிச்சயம் எதிரெதிர் கட்சி.

காலையில் தர்ஷினிக்குப் போய்ப் பாருங்கள். நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல்களுக்கு இங்கே அந்தப் பெயர். கூப்பனை நீட்டி, தட்டை வாங்கி, நெஞ்சு உயர மேசையில் இடம் பிடித்து, சூடான இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்க்கும்போது, பக்கத்தில் இன்னொருவர் இடம் தேடிக்கொண்டு நிற்பார். கொஞ்சம் நகர்ந்து கொடுக்க வேண்டும். காபி டபராவைத் தட்டின் ஓரத்தில் சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்வது கழைக்கூத்து. பத்து நிமிடத்தில் பசியும் ஆறும், நாலு பேர் முகமும் பார்த்தாகிவிடும்.

தினமும் ஒரு சாமானாவது தெருமுனைக் கடையில் வாங்குங்கள். பால், பிஸ்கட், சோப்பு, எதுவானாலும். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் குடியிருந்தால் கடைக்காரரே தமிழில் பேச வாய்ப்பு அதிகம். மற்ற இடங்களிலும் உங்கள் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்டுவிட்டுப் பலர் தமிழுக்கு மாறிவிடுவார்கள். ஒரு மாதத்தில் அவர் "என்ன தம்பி, ரெண்டு நாளா காணோம்?" என்று கேட்பார். ஊரில் விட்டுவிட்டு வந்த குறுக்கீடுகளில் ஒன்று இப்படித்தான் திரும்பக் கிடைக்கும்.

வீட்டுக்குப் பேசுவது போனின் மொத்தத்தில் சேர்ந்தாலும், நாம் குறைக்கப் பார்க்கும் கணக்கில் வராது. அதைக் குறைக்கவே குறைக்காதீர்கள். ஆனால் அம்மா "சாப்டியா?" என்று கேட்கும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இன்னொரு ஆப்பைத் தள்ளிக்கொண்டிருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். "ம்... ம்..." என்ற இடைவெளியிலேயே தெரிந்துவிடும். மொட்டை மாடிக்குப் போய் நடந்துகொண்டே பேசுங்கள். நடையும் ஆச்சு, பேச்சும் ஆச்சு.

படி 7: போனிலேயே செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்

நோட்டிஃபிகேஷன்களில் மனிதர்கள் அனுப்புவது, பாங்க், டெலிவரி தவிர எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ரீல்ஸ் ஆப்பை முகப்புத் திரையிலிருந்து எடுத்து உள்ளே தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பெயரைத் தட்டச்சு செய்து தேடித் திறக்கும்படி ஆகட்டும். திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும் வசதி இரண்டு வகைப் போனிலும் உண்டு. சிலருக்கு அது பிடிக்கும், சிலர் ஒரு நாளில் கழற்றிவிடுவார்கள். யூடியூபில் பார்த்த வரலாற்றை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால், முகப்பில் பரிந்துரைகளே வராது. தேடினால் மட்டும் காட்டும். இது உண்மையிலேயே நல்ல வேலை செய்கிறது. ஆப்புக்கு நேர வரம்பு வைப்பது அவ்வளவு பயன் தராது. "இன்னும் 15 நிமிடம்" என்ற பொத்தானை அழுத்த உங்கள் விரலே போதும். வரம்பின் ரகசிய எண்ணை அறைத்தோழரை வைக்கச் சொன்னால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

படி 8: ஞாயிறு

சும்மா இருக்கும் நாளில்தான் போன் முழுதாக ஆளைப் பிடிக்கும். "போனைத் தொட மாட்டேன்" என்று முடிவு செய்வதைவிட, காலை எட்டு மணிக்கு வெளியே ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது எளிது. பெங்களூர் இதற்குத் தோதான ஊர், தட்பவெப்பமும் துணை நிற்கும்.

லால்பாக்குக்கு கிரீன் லைனில் அந்தப் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. உள்ளே இருக்கும் பாறைக் குன்றுக்குச் சுமார் 300 கோடி வயது. அதன் மேல் ஏறி நின்றால் ஊர் தெரியும், நாலாவது படியில் சொன்ன இருபது அடி என்ன, இரண்டாயிரம் அடி தள்ளியே கண்ணுக்கு வேலை கிடைக்கும். கப்பன் பார்க்கிலும் மெட்ரோ ஸ்டேஷன் உண்டு. ஞாயிறுகளில் உள்ளே வண்டிகளை விடுவதில்லை. அங்கேயே சிவப்புக் கட்டடத்தில் மாநில மைய நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் ஆளாளுக்கு ஒரு பாயை விரித்துப் பேசாமல் புத்தகம் படிக்கும் கப்பன் ரீட்ஸ் என்ற கூட்டமும் அங்கே கூடுகிறது. பெயர் கொடுக்க வேண்டாம், பேச வேண்டாம், போய் உட்கார்ந்தால் போதும். கூச்ச சுபாவக்காரர்களுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை.

தமிழ் வேண்டும் என்றால் பர்ப்பிள் லைனில் அல்சூர் இறங்குங்கள். ஏரிக்குப் பக்கத்திலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், 1950-ல் தொடங்கியது. நூலகம் உண்டு. பதினெட்டு வருடம் மூடி வைக்கப்பட்டு 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அந்த ஏரிக்கரையில்தான். அங்கே வரும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எளிதில் விட மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கே நேரமாகிவிடும், போன் எங்கே ஞாபகம் வரும்?

குழந்தைகளோடு வந்தவர்களுக்கு

இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல் சுருக்கமானது: 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை பெரியவர் கூட இருக்க ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், 5 முதல் 10 வரை 2 மணி நேரத்துக்குக் கீழே. தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் வீடியோவில் பேசுவதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். போனைக் காட்டிச் சோறு ஊட்டுவதை மட்டும் ஆரம்பிக்காதீர்கள், நிறுத்துவது பெரும்பாடு. தினமும் வெளியே வெயிலில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைகிறது என்பது நன்றாக நிரூபணமான விஷயம். அபார்ட்மென்ட் கீழே இருக்கும் சின்ன இடமே போதும், பெரிய மைதானம் தேட வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் கை மீறினால்

நாலு நாள் அதிகமாகப் பார்ப்பது நோய் இல்லை. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு விளையாடுவது, எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று பொய் சொல்வது, பணம் கட்டி ஆடிக் கடன் வாங்குவது, போன் இல்லாதபோது கையும் மனசும் பதறுவது, சாப்பாடு தூக்கம் இரண்டும் போவது, இவை வேறு ரகம். வீடியோ கேம் அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. ஆகவே இதைச் சொல்லி உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நல்ல வேளையாக, இதற்கு நாட்டிலேயே பெயர் பெற்ற இடம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல ஆஸ்பத்திரி, தொழில்நுட்பத்தை அளவோடு பயன்படுத்த உதவும் ஷட் என்ற கிளினிக்கை 2014-லிருந்து நடத்தி வருகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் தொடர்ந்து வந்து போகும் ஆஸ்பத்திரி என்பதால் மொழி ஒரு தடையாக இருக்காது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். கூப்பிடும்போது முதல் படியில் குறித்து வைத்த தாள் கையில் இருந்தால் நல்லது, எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று அவர்கள் கேட்டால் யோசிக்க வேண்டியிருக்காது.